இரண்டு நாடுகளின் தானியச் சாகுபடி உமிழ்வை ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சில கல்லூரி மாணவர்களுடன் உட்கார்ந்து தரவு வேலை பார்க்கிறேன். நெல், கோதுமை, மக்காச்சோளம் விளைவிப்பதில் எந்த நாடு எவ்வளவு பசுமை இல்ல வாயு விடுகிறது என்று ஒப்பிடும் வேலை அங்கே அடிக்கடி வரும். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே வரிசையில் போகிறார்கள். முதலில் தரவை இறக்குகிறார்கள், உடனே வரைபடம் போடுகிறார்கள், அப்புறம்தான் எதை எதனுடன் ஒப்பிட்டோம் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிப் பிழை போய்விடும்.

இந்த வழிகாட்டியில் இந்தியாவையும் வியட்நாமையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் நெல் நாடுகள். ஆனால் தானியக் கலவை, விளைச்சல், போகங்களின் எண்ணிக்கை எல்லாமே வேறு. ஒப்பீட்டில் எங்கெல்லாம் கால் இடறும் என்பது இந்த இரண்டையும் வைத்தால் நன்றாகத் தெரியும். வேறு நாடுகளை எடுத்தாலும் படிகள் மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் ஃபாவோஸ்டாட் தரவுத்தளம். இதற்குக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, இலவசம். ஐபிசிசி எனும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் 2006 வழிகாட்டி நெறிகளின் நான்காம் தொகுதியும், அதன் 2019 திருத்தமும். அதில் ஐந்தாம் அத்தியாயத்தில் நெல் மீத்தேனும் பதினோராம் அத்தியாயத்தில் மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்ஸைடும் இருக்கின்றன. இரண்டு நாடுகளும் ஐ.நா. காலநிலை மாநாட்டுச் செயலகத்துக்குக் கொடுத்த தேசிய அறிக்கைகள்.

விரிதாளில் முதல் பக்கத்தைக் குறிப்புகளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதியோடு அங்கே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து இந்த 0.55 எங்கிருந்து வந்தது என்று தேடும்போது அதன் அருமை தெரியும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“எந்த நாடு அதிகம் உமிழ்கிறது?” என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. எந்தப் பயிர், எந்த வாயு, எந்த ஆண்டுகள், எதற்கு எவ்வளவு என்ற நான்கும் கேள்விக்குள் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: “2018 முதல் 2022 வரையிலான சராசரியில், வயல் எல்லைக்குள், ஒரு டன் நெல்லுக்கு இந்தியாவும் வியட்நாமும் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்ஸைடு சமானம் உமிழ்கின்றன?” சமானம் என்பது மீத்தேன் போன்ற வாயுக்களை, அதே அளவு சூடேற்றும் கார்பன் டை ஆக்ஸைடின் எடையாக மாற்றிச் சொல்வது.

நாட்டின் மொத்த உமிழ்வை மட்டும் பார்த்தால் பெரிய நாடுதான் எப்போதும் முதலிடத்தில் நிற்கும். அது பரப்பளவைச் சொல்கிறது. சாகுபடி எப்படி நடக்கிறது என்று அதில் தெரியாது.

2. எல்லைக்கோட்டை வரையுங்கள்

வயலுக்குள் நடப்பது மட்டுமா, அல்லது யூரியா ஆலையின் புகை, நெல் அரவை, லாரிப் போக்குவரத்து எல்லாமுமா? முதல் முறை செய்கிறவர்கள் வயல் எல்லையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காரணம், உரத்தை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு ஆலைப் புகை இன்னொரு நாட்டின் கணக்கில் விழுகிறது. அதைச் சரியாகப் பிரிக்கத் தனி உழைப்பு வேண்டும்.

வயல் எல்லைக்குள் நான் சேர்ப்பவை: நெல் வயல் மீத்தேன், உரத்திலிருந்தும் பயிர்க் கழிவிலிருந்தும் வரும் நைட்ரஸ் ஆக்ஸைடு, யூரியா கரையும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு, அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாளை எரிப்பது, டீசலும் பம்ப்செட் மின்சாரமும். காட்டை அழித்து வயலாக்கிய உமிழ்வு இதில் சேராது. இந்தோனேசியா போன்ற நாட்டை எடுத்தால் நீரை வடித்து உலர்த்திய கரிமச் சதுப்பு நிலம் ஒரு பெரிய எண்ணாகக் குறுக்கே வரும்; அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதை இந்தப் படியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஃபாவோஸ்டாட்டில் உமிழ்வுச் செறிவு என்று ஒரு கிலோ தானியத்துக்கான எண் தயாராகவே கிடைக்கும். அதை எடுக்கிறவர்கள் அந்தத் தலைப்பின் விளக்கக் குறிப்பைத் திறந்து, உங்கள் எல்லையும் அதன் எல்லையும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

3. நெல்லையும் மற்ற தானியங்களையும் பிரியுங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டதால் வீணான உழைப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேங்கிய நீரில் வளர்வதால் நெல் மீத்தேன் விடுகிறது. கோதுமையும் மக்காச்சோளமும் கம்பும் அப்படியில்லை. ஆகவே ‘தானியம்’ என்று மொத்தமாகக் கூட்டினால், ஒரு நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் அளந்திருப்போம்.

வியட்நாமில் எடைக் கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு தானியம் நெல்தான், மிச்சம் மக்காச்சோளம். இந்தியாவில் நெல் பாதிக்குச் சற்று மேல். கோதுமை, மக்காச்சோளம், சிறுதானியங்கள் மீதியை நிரப்புகின்றன. வியட்நாம் உழவர் எவ்வளவு கச்சிதமாக நீர் பாய்ச்சினாலும் மொத்தத் தானியக் கணக்கில் அவருடைய நாடு மோசமாகத் தெரியும். ஃபாவோஸ்டாட்டும் இதனால்தான் நெல்லைத் தனியாகவும், நெல் நீங்கலான தானியங்களைத் தனியாகவும் தருகிறது. நீங்களும் இரண்டு தனித் தாள்கள் வையுங்கள். கடைசியில் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, 11ஆம் படியில் சொல்கிறேன்.

4. எதனால் வகுப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

ஹெக்டேருக்கா, டன்னுக்கா? விடையைப் பார்த்த பிறகு இதைத் தேர்ந்தெடுத்தால், விரும்பிய நாட்டுக்குச் சாதகமானது தானாகக் கைக்கு வந்துவிடும். ஏழாம் படியில் ஒரே கணக்கு இரண்டு வகுத்தலில் எதிரெதிர் விடை தருவதைப் பார்ப்பீர்கள். என் யோசனை இரண்டையும் போடுவது. ஹெக்டேர் கணக்கு நிலத்தின் மீதான சுமையைச் சொல்கிறது, டன் கணக்கு சாப்பாட்டுக்கான விலையைச் சொல்கிறது.

ஹெக்டேரிலும் ஒரு பள்ளம் உண்டு. ஃபாவோஸ்டாட் தருவது அறுவடைப் பரப்பு. ஒரே வயலில் குறுவையும் தாளடியும் போட்டால் அது இரண்டு ஹெக்டேர். வியட்நாமில் நெல் நிலம் சுமார் 40 லட்சம் ஹெக்டேர், ஆனால் ஆண்டின் அறுவடைப் பரப்பு 70 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மேகாங் படுகையில் பல இடங்களில் மூன்று போகம். ‘ஒரு போகத்துக்கு ஒரு ஹெக்டேர்’ என்பதும் ‘ஓர் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேர்’ என்பதும் வேறு வேறு. எதைச் சொல்கிறோம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

டன்னில் இன்னொரு பள்ளம்: நெல்லா, அரிசியா? ஃபாவோஸ்டாட்டின் உற்பத்தி எண் உமியோடு சேர்ந்த நெல். இந்திய வேளாண் அமைச்சகம் அறிவிப்பது அரிசி. அரிசி நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு நாட்டுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் போட்டால், வயலில் எந்த வேறுபாடும் இல்லாமலே ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்காகிவிடும்.

5. ஒற்றை ஆண்டை நம்பாதீர்கள்

குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரி, முடிந்தால் ஐந்து. இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கியது. 2021–22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது. அந்த ஆண்டை மட்டும் எடுத்தால் உர உமிழ்வு குறைந்தது போலத் தெரியும். வயலில் நின்ற நீரோ மீத்தேனை வழக்கம்போல விட்டிருக்கும், அதை வகுக்கத்தான் நெல் இல்லை. இந்தியாவிலும் 2022 மார்ச் வெப்ப அலை கோதுமைக் கதிரைச் சுருக்கியது.

ஆண்டுக் கணக்கும் ஒன்றல்ல. இந்தியப் பயிர் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஃபாவோஸ்டாட் காலண்டர் ஆண்டு. சராசரி எடுத்தால் இந்தப் பொருந்தாமையும் பெருமளவு கரைந்துவிடும்.

6. இப்போது தரவை இறக்குங்கள்

ஃபாவோஸ்டாட்டில் பயிர் உற்பத்திப் பகுதியிலிருந்து உற்பத்தி, அறுவடைப் பரப்பு, விளைச்சல் மூன்றையும் எடுங்கள். விளைச்சலை எடுத்தாலும் உற்பத்தியைப் பரப்பால் வகுத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்திய நெல் ஹெக்டேருக்குச் சுமார் 4.2 டன், வியட்நாம் சுமார் 6 டன் என்று வர வேண்டும். பத்து மடங்கு தள்ளி வந்தால் அலகு மாறியிருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துக் குறி இருக்கும். அது அரசு தந்த எண்ணா, மதிப்பிட்ட எண்ணா, இடைவெளியை நிரப்பிய எண்ணா என்பதைச் சொல்கிறது. கோப்பை இறக்கியவுடன் அந்த நெடுவரிசையை நீக்கிவிடுகிறவர்கள் அதிகம். நீக்காதீர்கள். ஒரு நாட்டின் ஐந்து ஆண்டும் மதிப்பீடு என்றால், கடைசியில் எழுதும் முடிவின் தொனியை அது மாற்றும்.

7. நெல் மீத்தேன்: நேரம் செலவிட வேண்டிய இடம்

நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேன் உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் நெல்லின் தண்டு வழியாகவே மேலேறி வெளியேறுகிறது. வயல் காய்ந்து வெடித்தால் காற்று உள்ளே போய் இந்த வேலை நின்றுவிடும். கணக்கு முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

ஐபிசிசி தரும் எளிய வாய்பாடு: ஒரு நாள் அடிப்படைக் காரணி × பயிர் நிற்கும் நாட்கள் × நீர் நிர்வாகக் காரணி × நடவுக்கு முந்தைய நீர்நிலை × கரிம இடுபொருள் காரணி.

2019 திருத்தத்தின்படி அடிப்படைக் காரணி தெற்காசியாவுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன், தென்கிழக்காசியாவுக்கு 1.22. பயிர் நாட்கள் முறையே 112, 102. மற்றக் காரணிகளை 1 என்று வைத்தால், அதாவது நீர் தொடர்ந்து நிற்கிறது, வைக்கோல் இடவில்லை என்று வைத்தால், இந்தியாவுக்கு 95.2 கிலோ, வியட்நாமுக்கு 124.4 கிலோ. மீத்தேனை 28ஆல் பெருக்கினால் (ஏன் 28 என்று 10ஆம் படியில் சொல்கிறேன்) ஹெக்டேருக்கு 2,666 கிலோவும் 3,484 கிலோவும் சமானம். வியட்நாம் அதிகம்.

இப்போது விளைச்சலால் வகுங்கள். 2,666ஐ 4.2ஆல் வகுத்தால் டன்னுக்கு 635 கிலோ. 3,484ஐ 6ஆல் வகுத்தால் 581 கிலோ. இந்தியா அதிகம். நான்காம் படியை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

*நீர் நிர்வாகம்.* தொடர்ந்து நீர் நின்றால் 1. நடுவில் ஒருமுறை வடித்தால் 0.71, பலமுறை வடித்தால் 0.55. மானாவாரியில் வழக்கமாக மழை பெறும் வயலுக்கு 0.54, வறட்சிக்கு ஆளாகும் வயலுக்கு 0.16. மேட்டுநிலப் புழுதி நெல்லுக்குப் பூஜ்யம். இந்தியாவின் கிழக்கு மாநிலங்களில் மானாவாரி நெல் பெரும் பரப்பு. எல்லாவற்றுக்கும் 1 போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். மாநில வாரியாகப் பாசனப் பரப்பைப் பார்த்து எடையிட்ட சராசரி போடுங்கள்.

இதில் காகிதமும் வயலும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசன வயல் ஒன்றின் வரப்பில் நின்று, இங்கே நீர் தொடர்ந்து நிற்குமா என்று பெரியவர் ஒருவரைக் கேட்டேன். “பாசன நெல்லுன்னு எழுதிக்கோ தம்பி, தப்பில்ல. ஆனா முறை வராத வாரம் வயல் வெடிச்சுத்தான் கிடக்கும்” என்றார். குனிந்து ஒரு வெடிப்பில் விரலை விட்டுக் காட்டினார், இரண்டாவது கணு வரை போனது. அரசுப் பட்டியலில் அது பாசன வயல். மீத்தேன் கணக்கில் அது பலமுறை காய்ந்த வயல். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் உழவர்கள் சொல்வதைத்தான் ஆய்வாளர்கள் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சும் முறையாக ஆக்கியிருக்கிறார்கள். வியட்நாம் 2023 நவம்பரில் ஒப்புதல் தந்த 10 லட்சம் ஹெக்டேர் குறைந்த உமிழ்வு நெல் திட்டத்திலும் இந்த முறை இருக்கிறது. ஆகவே வியட்நாமுக்கும் முழுப் பரப்புக்கு 1 போடக் கூடாது.

*கரிம இடுபொருள்.* வைக்கோலை மடக்கி உழுவது எப்போது என்பதுதான் இதில் முக்கியம். நடவுக்கு 30 நாட்களுக்குள் உழுதால் காரணி 1, அதற்கு முன்பே உழுதால் 0.19. வாய்பாட்டில் போட்டால், ஹெக்டேருக்கு 5 டன் உலர் வைக்கோலை நடவுக்குச் சற்றுமுன் மடக்கி உழுதால் மீத்தேன் ஏறக்குறைய 2.9 மடங்காகிறது. முன்கூட்டியே உழுதால் 1.5 மடங்கு. மூன்று போகம் போடும் இடத்தில் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைவெளி குறைவு, வைக்கோல் மக்க நேரமில்லை. நம் ஊர்களில் மாட்டுக்கு வைக்கோல் போய்விடும் வயலும், இயந்திர அறுவடைக்குப் பின் தாள் அப்படியே நிற்கும் வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரு நாடுகளுக்கும் நம்பகமான வைக்கோல் தரவு கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் 1 என்றே வைத்துவிட்டு, அப்படி வைத்ததை எழுதுங்கள். ஒன்றுக்கு மட்டும் போடுவதுதான் பெரிய பிழை.

*சொந்தக் காரணியும் பொதுக் காரணியும்.* இந்தியாவில் வயல்களில் அளந்து உருவாக்கிய தேசியக் காரணிகள் இருக்கின்றன: தொடர்ந்து நீர் நிற்கும் பாசன வயலுக்கு ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 162 கிலோ மீத்தேன், ஒருமுறை காய்ந்தால் 66, பலமுறை காய்ந்தால் 18. மேலே பொதுக் காரணிப்படி தொடர்ந்து நீர் நின்றால் 95, பலமுறை காய்ந்தால் 52 வரும். இரண்டு பட்டியலும் எவ்வளவு விலகி நிற்கின்றன பாருங்கள். ஒரு நாட்டுக்குத் தேசிய அறிக்கையிலிருந்தும் இன்னொன்றுக்கு ஃபாவோஸ்டாட்டிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், ஒப்பிடுவது முறைகளை, நாடுகளை அல்ல. முதலில் இரண்டுக்கும் பொதுக் காரணி. அப்புறம் இரண்டுக்கும் சொந்தக் காரணி. இரண்டு சுற்றிலும் ஒரே நாடு முன்னால் நின்றால் அந்த விடைக்கு வலு உண்டு.

8. உரம்: மூட்டைக்கும் சத்துக்கும் உள்ள வேறுபாடு

கணக்கில் போவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். உர எடை அல்ல. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் 326 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏழேகால். ஏக்கருக்கு மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டுப் பெரியவர்கள் ஏக்கரில் பேசுவார்கள், தரவு ஹெக்டேரில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இந்த இரண்டு மாற்றத்தில் எது விட்டுப்போனாலும் விடை இரண்டு மடங்குக்கு மேல் தவறும்.

நேரடி நைட்ரஸ் ஆக்ஸைடுக்குத் தழைச்சத்தைக் காரணியால் பெருக்கி, பின் 44/28ஆல் பெருக்க வேண்டும். வாய்பாடு தருவது நைட்ரஜன் எடையை. அதை வாயுவின் எடையாக்குவதுதான் 44/28. இதை மறப்பவர்கள் எல்லா எண்ணிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகக் காட்டுவார்கள்.

கோதுமை, மக்காச்சோளத்துக்கு எளிய காரணி 0.01. நெல் வயலுக்கு 0.004 மட்டுமே, ஏனென்றால் காற்றில்லாத சேற்றில் நைட்ரஜன் பெரும்பாலும் முழுதாகச் சிதைந்து சாதாரண நைட்ரஜன் வாயுவாகிவிடுகிறது. வாயுவின் எடையை 265ஆல் பெருக்கினால் (இதுவும் 10ஆம் படியில்), 150 கிலோவுக்கு நெல்லில் சுமார் 250 கிலோ சமானம். தவறிப்போய் 0.01 போட்டால் 625 ஆகிவிடும்.

ஏழாம் படியில் நீரைக் குறைத்திருந்தால் இங்கேயும் கை வைக்க வேண்டும். தொடர்ந்து நீர் நிற்கும் நெல்லுக்கு 0.003, வடித்துக் காயவிடும் நெல்லுக்கு 0.005 என்று 2019 திருத்தம் பிரிக்கிறது. 150 கிலோ தழைச்சத்துக்கு இது 187 கிலோவிலிருந்து 312 கிலோவாக உயர்வு. அதே வயலில் மீத்தேன் 2,666லிருந்து 1,466ஆகக் குறைகிறது. லாபம் லாபம்தான், ஆனால் 125 கிலோ திரும்பிப் போய்விட்டதைக் காட்டாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.

ஆவியாகியும் கசிந்தும் போகும் தழைச்சத்திலிருந்து வரும் மறைமுக உமிழ்வைத் தனி வரியில் வையுங்கள். யூரியா கரையும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு ஒரு கிலோவுக்கு 0.733 கிலோ, மேலே சொன்ன 326 கிலோவுக்கு 239. யூரியா சேராத உரங்களுக்கு இது இல்லை. ஆகவே யூரியாவையே நம்பும் நாட்டையும் நைட்ரேட் உரம் போடும் நாட்டையும் ஒப்பிடும்போது இந்த வரி கண்ணில் படும்.

நாட்டின் மொத்த உர விற்பனையைத் தானியப் பரப்பால் வகுப்பது இன்னொரு வழக்கமான பிழை. கரும்பும் பருத்தியும் வாழையும் அதே கிடங்கிலிருந்துதான் உரம் எடுக்கின்றன. பயிர் வாரியான உரப் பயன்பாட்டு ஆய்வுகளிலிருந்து நெல்லின் பங்கை எடுத்து அதை மட்டும் போடுங்கள்.

9. தாள் எரிப்பும் எரிபொருளும்

எரியும் வைக்கோலிலிருந்து வரும் கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்க்கக் கூடாது, அது அதே பருவத்தில் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான். எரிந்த ஒவ்வொரு டன் உலர்பொருளுக்கும் 2.7 கிலோ மீத்தேன், 0.07 கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு மட்டும் சேரும். நெல் தாளில் 80 சதவீதமே எரிவதாகக் கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் எரிப்பு சிறிய எண்ணாகத்தான் வரும். அதை வைத்து எரிப்பது பரவாயில்லை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அக்டோபர், நவம்பரில் எழும் புகை மூச்சையே அடைக்கிறது, அந்தச் சேதம் இந்த அலகுக்குள் வராது.

டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. மின்சாரத்துக்கு அந்தந்த நாட்டு மின்தொகுப்பின் காரணி வேண்டும். இந்தியாவில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் இல்லை. ஆகவே அந்தப் பயன்பாட்டு எண்ணே ஒரு மதிப்பீடு. போர்வெல் நெல்லுக்கும் ஆற்றுப் பாசன நெல்லுக்கும் இங்கேதான் பெரிய வேறுபாடு வரும். மேகாங் போன்ற தாழ்ந்த படுகையில் நீரை ஆழத்திலிருந்து இழுக்க வேண்டியதில்லை.

10. ஒரே பெருக்கெண்ணால் சமானமாக்குங்கள்

மீத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடுக்கும் ஐபிசிசியின் இரண்டாம் அறிக்கை 21, 310 என்றது. நான்காவது 25, 298. ஐந்தாவது 28, 265. ஆறாவது உயிர்வழி மீத்தேனுக்கு 27, நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 273. நான் 28, 265 வைக்கிறேன். பாரிஸ் ஒப்பந்த அறிக்கைகளும் ஃபாவோஸ்டாட்டும் அதையே எடுப்பதால் சரிபார்ப்பது எளிது.

தேசிய அறிக்கையிலிருந்து எடுத்தால் சமான எண்ணை எடுக்காதீர்கள். மீத்தேன் எத்தனை கிலோ, நைட்ரஸ் ஆக்ஸைடு எத்தனை கிலோ என்று வாயுவாக எடுத்து நீங்களே பெருக்குங்கள். 100 கிலோ மீத்தேன் ஓர் அறிக்கையில் 2,100 ஆகவும் இன்னொன்றில் 2,800 ஆகவும் நிற்கும். அந்த 700க்கும் வயலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

11. பயிர்க் கலவையை நீக்கிப் பாருங்கள்

நெல்லுக்கும் மற்றத் தானியத்துக்கும் தனித்தனி விடை வந்த பிறகே மொத்தத் தானியத்துக்கு வர வேண்டும். பயிற்சிக்காக நான் இட்டுக்கட்டிய எண்களைப் பாருங்கள். ‘அ’ நாட்டில் ஒரு கிலோ நெல்லுக்கு 0.9 கிலோ சமானம், மற்றத் தானியத்துக்கு 0.25, கலவை 55க்கு 45. ‘ஆ’ நாட்டில் நெல்லுக்கு 0.8, மற்றதற்கு 0.3, கலவை 90க்கு 10.

மொத்தத்தில் ‘அ’ 0.61, ‘ஆ’ 0.75. ‘ஆ’ மோசம் என்று தோன்றும். இப்போது ‘அ’வின் கலவையை ‘ஆ’வுக்குப் போடுங்கள்: 0.8 × 0.55 + 0.3 × 0.45 = 0.575. நெல்லை ‘ஆ’ நன்றாகவே விளைவிக்கிறது. அதிகமாக நெல் விளைவிக்கிறது என்பதால்தான் மொத்தம் ஏறியது. முதல் வேறுபாட்டில் எவ்வளவு சாகுபடி முறையால், எவ்வளவு கலவையால் என்று பிரித்து இரண்டு வரியாகத் தாருங்கள். ‘ஆ’வின் கலவையை ‘அ’வுக்குப் போட்டும் ஒருமுறை பாருங்கள், திசை மாறாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

12. வரம்பைப் போடாமல் விடாதீர்கள்

தெற்காசியக் காரணி 0.85க்கு ஐபிசிசி தரும் வரம்பு 0.58 முதல் 1.26 வரை. தென்கிழக்காசியாவின் 1.22க்கு 0.83 முதல் 1.81 வரை. ஏழாம் படிக் கணக்கில் இவற்றைப் போட்டால், இந்தியா டன்னுக்கு 433 முதல் 941 வரை, வியட்நாம் 395 முதல் 862 வரை. இரண்டு வரம்பும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றன. 635க்கும் 581க்கும் இடையிலான வேறுபாட்டை வைத்து ஒரு நாட்டை முன்னால் நிறுத்த இந்த முறைக்குத் தெம்பு இல்லை.

பல மாணவர்கள் இந்த இடத்தில் சோர்ந்து போகிறார்கள். சோர வேண்டியதில்லை. நீர் நிர்வாகத்தை 1லிருந்து 0.55ஆக மாற்றினால், வைக்கோலை முன்கூட்டி மடக்கி உழுதால், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எவ்வளவு குறைகிறது என்பதை இதே விரிதாள் சொல்கிறது. அந்தக் குறைவு இரு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிது. அதற்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்: ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, விடை எவ்வளவு நகர்கிறது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

13. முடிவை எழுதுவதும் ஒரு கைக் கணக்கும்

முடிவு வாக்கியத்தில் முதல் படியின் நான்கும் திரும்ப வர வேண்டும்: பயிர், எல்லை, ஆண்டுகள், அலகு. கூடவே எந்தக் காரணிப் பட்டியல், எந்தப் பெருக்கெண், வரம்பு எவ்வளவு. வாக்கியம் நீளும், நீளட்டும். ஹெக்டேர் விடையும் டன் விடையும் எதிரெதிராக வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வெளியிடும் முன் விரிதாளைப் பார்க்காத ஒருவரிடம் குறிப்புப் பக்கத்தை மட்டும் கொடுங்கள். ஒரு நாடு, ஓர் ஆண்டு, ஒரு பயிர், அவ்வளவுதான். தாளும் பேனாவும் வைத்து அவர் போடும் விடை உங்கள் விரிதாளின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். போன மாதம் ஒரு மாணவியின் கணக்கில் இப்படித்தான் 44/28 இரண்டு முறை பெருக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரு முறை அவர் கையால், இன்னொரு முறை ஏற்கெனவே வாயு எடையாக மாற்றித் தரப்பட்டிருந்த கோப்பில். அந்த ஒரு வரி ஒத்துப்போன பிறகு வரைபடம் போடுங்கள்.